நிமிர்ந்து பாருங்கம்மா

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீட்டில் எல்லாரும் நலம்தானே? நேற்று எங்கள் காப்பகத்துக்கு உன் சங்கத்தோடு வந்து போர்வை கொடுத்தாயே, அதில் ஒன்றை உன் கையாலேயே வாங்கினேன். "நிமிர்ந்து பாருங்கம்மா, படம் எடுக்கணும்" என்றாய். நிமிர்ந்தேன். நீ கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொந்த அண்ணன் பெண்டாட்டியையே அடையாளம் தெரியாத அளவுக்கு உருக்குலைந்துவிட்டேன் போல!

சண்டை போட எழுதவில்லையடி. போர்வை நல்ல கனம். நீங்கள் வைத்துக்கொடுத்த வெந்நீர்க் குழாயில் குளிக்கும்போது உங்களை வாழ்த்தாத பெண் இங்கே கிடையாது. தெருவில் படுத்து எழுந்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை எங்கேயும் போட்டுவிடாதே. உன் அண்ணன் கண்ணை மூடிய பிறகு நான் உன் வீட்டில்தான் இருக்கிறேன் என்று விடுதியில் படிக்கும் என் மகள் நம்பிக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பரீட்சை நெருங்குகிறது. தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து நிற்பாள். அவள் அப்பாவின் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

உன் அண்ணி

மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். "இங்க இடமில்ல அண்ணி" என்று அன்றைக்குச் சொன்ன என் வாயில் மண் விழ. உங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். விசாரிக்கவில்லை.

படத்தை உண்டியல்களில் ஒட்டி ஊர் முழுக்க அனுப்பியாகிவிட்டது. திருப்பி வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். "இந்த முகத்தைப் பார்த்தா யாரும் போடாம போக மாட்டாங்க. புதுக் கட்டில் வாங்கணும்ல?" என்கிறார் எங்கள் தலைவி. வெளியே எத்தனை பெண்கள் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவு பெரிய ஊரில் அவள் கண்ணிலா படப்போகிறது? பயப்படாதீர்கள்.

அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். வந்துவிடுங்கள் அண்ணி.

உங்கள் பாப்பா

ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

பரீட்சையன்று காலையில் காப்பக வாசலில் என் மகள் வந்து நின்றாள். கையில் தகர உண்டியல். அவள் கல்லூரிப் பிள்ளைகள் நன்கொடை திரட்டினார்களாம், இவளிடமும் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். "அத்தை வீட்ல சாப்பாடு நல்லா இருக்குன்னு எழுதினியேம்மா" என்று கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பரீட்சைக்குப் போ, போ என்று கெஞ்சினேன். போகவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கும் வேலைக்குப் போகிறாள்.

உன் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் வரவில்லை.

உங்கள் தலைவி சொன்னது சரிதான், உண்டியல் நிறைந்துதான் இருந்தது. புதுக் கட்டில்கள் வந்துவிட்டன. என் கட்டிலை அடுத்துப் போட்டதில் அவள் தூங்குகிறாள். நீ கொடுத்த போர்வையை அவளுக்குத்தான் போர்த்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
போர்வை வாங்கிய பெண்