நாலாவது கியரின் கனம்

அண்ணே,

சீயக்காய், அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய் மூன்றும் போட்டுத் தேய்த்தாயிற்று. காய்ந்த கியர் எண்ணெயின் வாடை விரல் இடுக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மற்ற வண்டிகளின் வாடை சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே போய்விடும். இது உங்கள் வண்டியுடையது. இரண்டு வருஷமாகச் சாக்குப் போர்த்திப் பட்டறை மூலையில் நின்றதை இன்று காலையில் கிளப்பினேன். திருவாதவூர் வரை போய் வந்தேன். நீங்கள் கடைசியாகப் போன அதே சாலை, அதே உச்சி வேளை.

ஆசைப்பட்டுப் போகவில்லை. அங்கே மறுபடி வெக்கை நோய் வந்து மாடுகள் விழுகின்றன. உங்கள் வேலைக்கு வந்திருக்கும் புதுக் கால்நடை ஆய்வாளர் நேற்றே போய் அங்கே முகாம் போட்டுவிட்டார். மருந்து இன்றைக்குத்தான் ரயிலில் வந்து இறங்கியது. உங்கள் ஆபீஸ் சேவகர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். பெட்டியிலிருந்து பனிக்கட்டித் தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன். பஸ்கள் கரி வாயுவில் முக்கி முனகி ஓடுகின்றன. அவற்றை நம்பி அனுப்பினால் மருந்து வெந்நீராகிவிடும். என்னிடம் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது, உங்கள் வண்டி இருந்தது. வேறு என்ன சாக்குச் சொல்ல முடியும்?

இருந்தாலும் இந்தக் கடிதம் அந்த மாடுகளைப் பற்றியது இல்லை. உங்களிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. அதைச் சொல்லாமல் இனி அந்த வண்டிக்குப் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது.

நம் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? டூர் போகிற மோட்டார் சைக்கிளுக்கு மூன்று கியர் போதுமா, நாலு வேண்டுமா. எத்தனை மாதம் இதையே பேசினோம். பட்டறைக்கு எதிர்த்த டீக்கடையில் நாம் வந்து உட்கார்ந்தாலே மற்றவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் உங்களை அண்ணே என்பேன், நீங்கள் என்னை மாப்ள என்பீர்கள். இது என்ன முறை என்று என் தங்கச்சி கேட்டுச் சிரிப்பாள்.

நீங்கள் மூன்றுதான் போதும் என்ற கட்சி. "மதுரையச் சுத்தி எங்கிட்டு மாப்ள மலை இருக்கு? யானைமலை மேலயா ஏறப்போறேன்? இருக்குற மூணையும் போடவே கை பத்தல" என்பீர்கள். அதிலும் நியாயம் உண்டு. கியர் கை டாங்கின் வலது ஓரத்தில் நின்றது. ஹேண்டில்பாரை விட்டு ஒரு கையை எடுத்தால்தான் அதைத் தள்ள முடியும். அந்த நேரம் பார்த்து ஓர் எருமை குறுக்கே வரும்.

"ஏறுறதுக்கு இல்லண்ணே, சமதரைக்குத்தான் வேணும்" என்பேன் நான். "மூணாவதுலயே இருபது மைல் போனா இஞ்சின் கத்திக் கத்திக் கொதிக்குது. அதுக்கு மேல ஒண்ணு இருந்தா அதே வேகத்துக்கு மெதுவாச் சுத்துனாப் போதும். எண்ணெ காயாது, பெட்ரோலும் மிஞ்சும்."

"இழுவ கொறையுமே?"

"கொறையும். எதுத்தாப்புல காத்தடிச்சா மூணுக்கு எறங்கிக்கங்க."

"ஏறி ஏறி எறங்க நான் என்ன ஓணானா?"

கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடி உங்கள் பக்கம்தான் தலையாட்டுவார். எனக்குத் தோற்கப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். எந்த அளவுக்குப் பிடிக்காது என்பதுதான் தெரியாது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் தெற்கேயிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு பருத்தி ஏஜெண்டின் வண்டி. மனிதர் பனைமரத்தில் மோதி அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டியோடு வந்தவர் அவருடைய மாமனார். மருமகன் தன் வண்டியை வேறொருவர் தொட விட்டதில்லையாம், ஒருநாளும் யாருக்கும் பின்னால் உட்கார்ந்து போனதில்லையாம். பெரியவர் மடியிலிருந்து கற்பூரம் எடுத்து ஏற்றினார். "இதுல ஒரு ஆணி கூட இன்னொரு வண்டியில ஏறக் கூடாது. அம்புட்டையும் உலையில போட்டு உருத்தெரியாம அடிச்சிருங்க" என்றார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

எல்லாவற்றையும் அடித்தேன், அண்ணே. ஒன்றைத் தவிர. அதன் கியர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு கியர் பெட்டி. ஒரு பல் கூடத் தேயவில்லை. எண்ணெய்க்குள் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பல் சக்கரத்தை நம்புகிறவன் நான், பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. அதை உலையில் போட எனக்குக் கை வரவில்லை.

அடுத்த வாரமே உங்கள் வண்டியில் ஏற்றிவிட்டேன். டாங்கின் ஓரத்துத் தகட்டில் கியர் கை உட்கார மூன்று பள்ளம்தான் இருந்தது. நாலாவதை அரத்தால் நானே ராவினேன். "எங்கிட்டு இருந்து வந்துச்சு?" என்று கேட்டீர்கள். "மெட்ராசிலேர்ந்து புதுசா வந்துருக்குண்ணே" என்றேன். புதுசு என்றதால் புதுசுக்கு உரிய மரியாதை செய்தீர்கள். சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். ஆனையூர் வரை போய்த் திரும்பி வந்து, இறங்காமலே சொன்னீர்கள்.

"ஒம் பேச்சு சரிதான் மாப்ள. சத்தமே இல்ல, சூடும் இல்ல. ஒண்ணுதான். நாலாவது போட்டதும் பின்னாடி யாரோ ஏறி உக்காந்த மாதிரி கனக்குது."

இழுவை குறைவதால் அப்படித் தெரியும் என்றேன். அது பொய் இல்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பிறகு திருவாதவூர் அழகம்மாள் அக்காவின் மோர். வயலுக்கு அந்தப் பக்கம் உங்கள் வண்டி வருவதைப் பார்த்துவிட்டு அவர் இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார். "கூட வந்தவுக எங்க?" என்று கேட்டார். "யாரும் வரலையே" என்றீர்கள். ஊற்றிய மோரை வீணாக்கக் கூடாதென்று இரண்டையும் குடித்துவிட்டு வந்தீர்கள். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். "டிக்கெட்டு எடுக்காம ஏறுறான், மோரையாச்சும் அவன் குடிக்கலாம்ல" என்றீர்கள். அன்றைக்கு ஒரு மூன்றாவது எலுமிச்சம்பழம் வாங்கிப் பின்சீட்டில் கட்டினீர்கள். அப்போது நானும் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது அடுத்த மாதம். திருவாதவூர்ச் சாலையில், கண்மாய்க் கரை வளைவில் வண்டி ஒத்துழைக்கவில்லை என்றீர்கள். "நான் இங்கிட்டுச் சாஞ்சா அவன் அங்கிட்டுச் சாயுறான் மாப்ள. பின்னாடி உக்காந்து பழக்கமில்லாதவன் போல."

அந்த மாமனார் சொன்னதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

பின்னால் உட்கார்வது எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். போகும்போது நீங்கள் ஓட்டுவீர்கள். நான் கூட வரும் நாட்களில், திரும்பும்போது என்னிடம் கொடுத்துவிட்டு என் முதுகில் நோட்டை வைத்து டூர் டைரி எழுதிக்கொண்டு வருவீர்கள். எந்த வளைவிலும் பென்சில் நின்றதில்லை. நான் சாய்வதற்கு அரை நொடி முன்பே சாய்ந்திருப்பீர்கள். "ஓட்டுறவன் சாயுற பக்கமே சாயணும். பயந்து எதிர்ப்பக்கம் சாஞ்சா ரெண்டு பேரும் தரையில" என்பீர்கள்.

அந்தக் கடைசி நாளில் மருந்துப் பெட்டியை வழக்கம்போல முன்னால் டாங்கின் மேல் வைத்துக் கட்டினீர்கள். பின்னால் கட்டினால் சீசா குலுங்கி உடையும் என்பது உங்கள் கணக்கு. கட்டி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். "மாப்ள, நெசத்தச் சொல்லு. இந்தக் கியர் பொட்டி யாரு வண்டியில இருந்துச்சு?"

அப்போது சொல்லியிருக்கலாம். கியர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய மூன்றை மாட்ட அரை நாள் ஆகியிருக்கும். மருந்து ஒரு நாள் தாமதமாகப் போயிருக்கும். நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள், அல்லது கொஞ்ச நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள். இவ்வளவுதான். நாலாவது கியர் வழக்கில் தோற்க நான் விரும்பவில்லை.

"புதுசுதாண்ணே" என்றேன்.

"சரி, வாரேன்" என்று போய்விட்டீர்கள்.

மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் விழுந்தீர்கள். அதே கண்மாய்க் கரை. தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ஆனால் ஆட்கள் இன்னும் கண்மாய்க்குள் இறங்கி நின்றார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டாவது ஆளக் காணோம்ங்க" என்றார் ஓர் ஆட்டுக்காரர். "சாயும்போது பாத்தேன், பின்னாடி ஒருத்தர் இருந்தாரு."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். ஒரு தடவைதான் என்னை அடையாளம் தெரிந்தது. "அங்கிட்டுச் சாஞ்சுட்டான் மாப்ள" என்றீர்கள். கோபமாகக் கூட இல்லை. நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அண்ணி வண்டியை என்னிடமே அனுப்பிவிட்டார், கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி. வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தினேன். கியர் பெட்டியை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் அதைப் பார்க்க வேண்டும். இன்று சேவகர் வந்து நின்றபோது ஒரு முடிவுக்கு வந்தேன். மருந்தைச் சேர்த்துவிட்டு வந்து, சத்தியம் செய்தபடி அந்தக் கியர் பெட்டியை அடித்துவிடுவது. உலைக்கு ஒரு மூட்டைக் கரியை எடுத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாட்டுத்தாவணி தாண்டும் வரை மூன்றாவதிலேயே போனேன். பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒத்தக்கடைக்கு முன்னால் இஞ்சின் கொதித்து நாற்றமெடுத்தது. டாங்கைத் தொட்டால் சுட்டது, அதன் மேல் கட்டிய மருந்துப் பெட்டிக்குள் பனிக்கட்டி இருக்கிறது. வேறு வழியில்லாமல் நாலாவதில் போட்டேன்.

கனம் ஏறியது. யானைமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சாலையில் ஓர் ஆள் இல்லை, ஒரு காக்கை இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன தெரியும் என்பதை விட, ஒன்றும் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

கண்மாய்க் கரை வளைவு வந்தது. வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும் என்று காத்துக்கொண்டே சாய்ந்தேன். இழுக்கவில்லை. நான் சாய்வதற்கு அரை நொடி முன்பே பின்பக்கம் சாய்ந்துவிட்டது. வண்டி அந்த வளைவைத் தண்ணீர் திரும்புவது போலத் திரும்பியது. முதுகில் நோட்டு அழுத்தியதா என்று கேட்காதீர்கள். இல்லை. நடக்காததைச் சேர்த்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிச் சாய்கிற ஆள் எனக்கு ஒருவரைத்தான் தெரியும்.

மருந்தைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் நின்றேன். அழகம்மாள் அக்கா மோர் கொண்டுவந்தார். தட்டில் மூன்று டம்ளர்.

"மூணு எதுக்குக்கா?" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மூணு பேரு வந்தாப்புல இருந்துச்சே தம்பி. இம்புட்டு நெருக்கிக்கிட்டு வாறாகளேன்னு நெனச்சேன். நடுவுல இருந்தவுகளப் பிடிச்சிக்கிட்டு இன்னொருத்தர் கடைசியில..." என்று சொல்ல வந்தவர், "வெயில்ல கண்ணு பூத்துப்போச்சு" என்று முடித்துக்கொண்டார்.

மூன்றையும் குடித்தேன், உங்களைப் போலவே. அவர் சொன்னதை அங்கேயே நின்று யோசித்தேன். வண்டி ஒழுங்காகத் திரும்பியது என்றால் கடைசியில் இருந்தவரும் சரியான பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும். யாருக்கும் பின்னால் உட்கார்ந்து பழகாத மனிதர். இந்த இரண்டு வருஷத்தில், அந்தச் சாக்குக்கு அடியில், நீங்கள் அவருக்கு உட்காரச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

திரும்பி வரும் வழியில் மறுபடி நாலாவதில் போட்டு, கனம் ஏறியதும் வாய்விட்டுச் சொன்னேன். "அந்தப் பொட்டி புதுசு இல்லண்ணே. செத்தவரு வண்டியில இருந்தது. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு எடுத்தேன். ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்." கனம் இறங்கவில்லை.

கோரிப்பாளையம் வந்ததும் மாட்டு வண்டிகள் நெருக்கின. வைகைப் பாலத்தின் மேல் ஆள் நடக்கிற வேகம்தான். இரண்டாவதில் போக வேண்டிய இடம். அங்கே நாலாவதில் ஓட்டுகிறவனைப் பட்டறையில் நிற்கவைத்து நான் திட்டுவேன். இஞ்சின் உள்ளே தட்டியது, கிளட்ச் கருகி வாடை வந்தது, வண்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கை கியரின் மேல்தான் இருந்தது. ஒரு பள்ளம் இறக்கினால் போதும். இறக்கினால் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். நான் இறக்கவில்லை. பட்டறை வாசலில் வண்டி தானாகக் குலுங்கி நிற்கும் வரை நாலாவதிலேயே வந்தேன்.

உலைக்கு எடுத்து வைத்த கரி மூட்டையைச் சாயங்காலம் ஒரு கரி வாயு பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். கருகிய கிளட்சுக்கு நாளைக்குப் புதுத் தக்கை வெட்டிப் போட வேண்டும். பின்சீட்டு இரண்டு பேருக்குக் குறுகல் என்று நீங்களே சொல்வீர்கள். அதையும் ஒரு சாண் நீட்டிவிடுகிறேன்.