வேதம் வாசித்த வாய்

திருவனந்தபுரம்,
5-2-1929

என் பிரியமுள்ள ஜெயபாய்க்கு,

சுகமாய் வந்து சேர்ந்தேன். நீ கட்டித் தந்த முறுக்கு ரெண்டு நாளில் தீர்ந்துபோயிற்று.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அச்சுக்கூட வேலை என்று ஒன்றும் இல்லை. இங்கே நாராயணபெருமாள் முதலாளியின் பயாஸ்கோப் கூடாரத்தில் பேச்சில்லாத படம் ஓடும்போது பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் தேடுகிறார்கள். அதற்குத்தான் வந்தேன். கோபப்படு. ஆனால் முழுதும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

ஆறு பேர் வந்திருந்தோம். நேற்று சாயங்காலக் காட்சியில் ஆளுக்கு ஒரு ரீல். நான் பெட்டிமேல் ஏறினேன். நம் கோவிலில் ஒன்பது வருஷம் வேதம் வாசித்தவன் அல்லவா? சபைக்கு முதுகு காட்டி எனக்குப் பழக்கமே இல்லை. ஜனங்களைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். நான் கல்யாண விருந்தை நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன், பின்னால் திரையில் குதிரை ஓடுகிறது! ஒரே சிரிப்பு. முதலாளி எழுந்து, “படம் பின்னால ஓடுது வே, நீரு முன்னால பாத்து யாருக்கு ஜெபம் பண்ணுதீரு?” என்று சத்தம் போட்டார்.

செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனாலும் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த வேலை வேண்டும் ஜெயா. துணிக்கடையில் சேலையை விரித்து விரித்தே என் ஆயுசு போய்விடும் போலிருக்கிறது.

உன்
ஞானையன்

*

நெய்யூர்,
8-2-1929

அன்புள்ள அத்தானுக்கு ஜெயபாய் எழுதுவது.

முழுதும் வாசித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன். பொய் சொல்லிவிட்டுப் போகிற மனுஷருக்கு நான் முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் மறைக்க எனக்குத் தெரியாது. கோவில் உபதேசியார் மருமகன் பயாஸ்கோப்பில் நிற்பதா என்று அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. “ஏட்டி, அவன் அந்தக் கூடாரத்துல சேந்தா கோயில்ல இராப்போஜன அப்பம் கெடையாது. கூடப் போனா ஒனக்கும் கெடையாது. இந்த நடையும் ஏறண்டாம்” என்று சொல்லிவிட்டார். ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்தால் கூடாரம் கூடாரமாய் உங்கள் பின்னால் நான் வரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பதில் சத்தியராஜ் வாசித்தான். மூன்றாம் பெஞ்சைத் தாண்டிக் கேட்கவில்லை.

குதிரை ஓடியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நான் வகுப்பில் நூலால் ரேந்தைப் பின்னல் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளின் கையையா பார்க்கிறேன்? முகத்தைப் பார்த்தாலே எவள் நூலைச் சிக்கலாக்கினாள் என்று தெரிந்துவிடும். ஜனங்களைப் பார்த்தே நின்றீர்களே, அவர்கள் முகத்தில் குதிரை தெரியவில்லையா?

இதை உங்களுக்குச் சொல்லித் தருவதற்காக எழுதவில்லை. திரும்பி வந்துவிடுங்கள்.

உங்கள்
ஜெயபாய்

*

திருவனந்தபுரம்,
15-2-1929

என் ஜெயாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. வாங்கித் தந்ததே நீதான்!

படத்தை முந்தின நாளே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டேன். நேற்றும் பெட்டிமேல் ஜனங்களைப் பார்த்தே நின்றேன். திரை வெளிச்சத்தில் முகங்கள் நன்றாய்த் தெரிந்தன. முன்னால் மணலில் இருந்த சிறுசுகள் முட்டி போட்டு எழுந்தால் சண்டை வந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் முந்தானை கண்ணுக்குப் போனால் தாய் சாகப்போகிறாள். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. முதலாளி வந்து, “ஒமக்கு முதுகிலயும் கண்ணு உண்டோ வே?” என்றார். என் பெண்டாட்டியின் கண் என்று சொன்னேன்.

நீ வா ஜெயா. ஒரு அறை பார்த்திருக்கிறேன். மாமா காலில் விழச் சொன்னால் விழுகிறேன். ஆனால் இந்த வேலையை மட்டும் விடச் சொல்லாதே. அந்தப் பெட்டிமேல் நிற்கும்போதுதான் நான் மனுஷன் என்று தோன்றுகிறது.

உன்
ஞானையன்

*

வடசேரி,
22-4-1929

ஜெயாவுக்கு,

வேலை கிடைத்த பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. ஒன்றுக்கும் பதில் இல்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறன்று உனக்கு எழுதினதையாவது வாசித்தாயா? அன்றைக்கு வாசிக்க வேண்டிய அதிகாரத்தை நான் கூடாரத்தில் தனியாய்ச் சத்தமாக வாசித்தேன்.

வடசேரியில் கூடாரம் போட்டு ஒரு வாரம் ஆகிறது. நெய்யூருக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும் வர எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குப் போகிறோம். அப்புறம் எங்கேயோ.

சனிக்கிழமை ஒரு தடுமாற்றம். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் ஒருத்தி, நெற்றி மறைய முக்காடு. கூடாரமே விழுந்து விழுந்து சிரித்தபோது அவள் அசையவில்லை. எல்லாரும் அழுதபோதும் அசையவில்லை. அந்த ஒரு முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாய் குழறிவிட்டது. எந்த வீட்டில் என்ன துக்கமோ.

நான் உனக்கு வேண்டாம் என்றால் அதையாவது ஒரு வரி எழுது. காத்துக்கொண்டிருப்பது பெரிய கஷ்டமாய் இருக்கிறது.

ஞானையன்

*

நெய்யூர்,
24-4-1929

என் பிரிய அத்தானுக்கு,

அது நான்தான்.

வடசேரியில் படம் என்று நோட்டீஸ் பார்த்து, ரேந்தை வகுப்புத் தங்கபாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கோவிலுக்குப் போடுகிற முக்காட்டைத்தான் போட்டிருந்தேன். என்ன படம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஏன் சிரித்தார்கள், ஏன் அழுதார்கள், அதுவும் தெரியாது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. இளைத்துப்போயிருக்கிறீர்கள். அந்தக் கோட்டு யாருடையது? தோளில் நிற்கவே இல்லை.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உங்களை அவ்வளவு சந்தோஷமாய் நான் பார்த்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். உங்கள் கடிதம் எல்லாம் வாசித்தேன்; பதில் எழுத உட்கார்ந்தால் வருகிறேன் என்று எழுதிவிடுவேனோ என்றுதான் எழுதவில்லை.

கூடாரத்துக்குப் போனதை நேற்று அப்பாவிடம் சொன்னேன். வாசித்துக்கொண்டிருந்த வேதத்தை மூடிவைத்தார். பிறகு, “அவன் சத்தம் கடைசி வரைக்கும் கேக்குதா?” என்று மட்டும் கேட்டார். கேட்கிறது என்றேன். இராப்போஜனம் கிடையாது என்றதை மாற்றிச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது, அத்தான். உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ரேந்தை பின்னுகிற தலையணையும் துணிகளும் பெட்டியில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வடசேரியில் வந்து நில்லுங்கள், பெட்டி கனக்கிறது.

அன்று சாயங்காலம் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இடம் வேண்டும். முக்காடு போடமாட்டேன். என் முகத்தைப் பார்த்துக் கதை சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயபாய்