பந்தின் பின்னால் போகாத கண்

அன்பு மகள் ஆர்த்திக்கு அப்பா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம் என்று எப்போதும்போல எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிற பக்கத்து வீட்டு எழில் கையில் கொடுத்தனுப்புகிறேன், நிதானமாகப் படி.

உன் மகள் இனியா வேங்கிக்கால் மைதானத்தில் டென்னிஸ் பழகுகிறாள் இல்லையா, அங்கே கோச் கவியா பிள்ளைகளை ஓடவிட்டு, கைகாலைச் சுழற்றவிட்டு, மட்டையைத் தொடுவதற்கு முன்னால் கண்ணுக்கும் ஒரு பயிற்சி வைப்பாள். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருத்தி பந்தை இடம் வலம், மேல் கீழ் என்று மெதுவாக நகர்த்த, மற்றவள் தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும், கடைசியில் பந்து மூக்குக்கு நேரே கிட்டத்தில் வரும். கண்ணுக்கு எதுக்கும்மா தண்டால் என்று நான்கூடக் கேலி செய்தேன். தலை ஆடாம கண்ணு போனாத்தாங்க வேகமா வர்ற பந்து புடிபடும் என்றாள். இனியாவுக்கு மட்டும் அது வரவில்லை. பந்து நகர்ந்தால் தலையும் கூடவே திரும்பும், கிட்டே வந்தால் இடது கண் தன்பாட்டுக்கு வெளியே ஒதுங்கும். ஒன்றரைக் கண்ணு என்று மற்ற பிள்ளைகள் சிரிக்க, இவள் அழுதாள். சித்திரை மாதமே கவியா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க தாத்தா, லேட் பண்ணாதீங்க என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. லேசா மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்மா, எங்கப்பாவுக்கும் இருந்துச்சு, அவர் சம்பாரிச்ச நிலத்துலதான் நாங்க சோறு தின்னோம் என்று பெரிய மேதாவிபோலப் பேசினேன். அதோடு நின்றேனா பாவி? கண் பயிற்சி நேரத்தில் இவளை மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடு என்று பிடிவாதம் பிடித்தேன். கவியாவுக்கு அதில் இஷ்டமே இல்லை, என் வயசுக்கு மரியாதை கொடுத்து ஒத்துக்கொண்டாள். அப்புறமும் நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதில் உன்னிடம் பொய் வேறு. ஆனி மாதம் வீடியோவில், ஏம்பா இவ ஒரு பக்கமா திரும்பியே பேசுறா என்று கேட்டாயே, போனை அப்படிப் புடிச்சிருக்காம்மா என்றேன். நீ வைத்ததும், அம்மாகிட்ட கண்ணைப் பத்திச் சொல்லாத, அங்க பயந்துக்குவா என்று குழந்தைக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

போன சனிக்கிழமை வேலூரில் போட்டி. இடது பக்கம் வந்த பந்தை அவள் பார்க்கவே இல்லை, கன்னத்தில் பட்டுவிட்டது. வீக்கம்தான், அது வடிந்துவிட்டது, பதறாதே. அங்கேயே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா வலது கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார், மேல் வரிசைப் பெரிய எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை ஆர்த்தி. பந்து பட்டு வந்தது இல்லீங்க, ரொம்ப நாளாவே இந்தக் கண்ணு சரியா வேலை செய்யல, மூளை ஒத்தைக் கண்ணை வச்சே பழகிடுச்சு என்றார். கண்ணாடி போட வேண்டும், தினம் ஆறு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூட வேண்டும், இடது கண் அப்போதுதான் வேலை செய்யுமாம். ஒன்பது வயசுதான், முயற்சி பண்ணலாம், முழுசா வரும்னு சொல்ல முடியாது, ஒவ்வொரு மாசமும் முக்கியம் என்றார். எப்பலேர்ந்து கவனிச்சீங்க என்று கேட்டபோது உன் அம்மாதான் சித்திரையிலிருந்து என்றாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எனக்கு வேண்டியதுதான். கவியாவிடம் போய் நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தால், டாக்டர் சரின்னா அவ நல்ல கண்ணை மூடி வச்சே பெரிய பந்தா மெதுவா போட்டுப் பழக்கறேன், கூட்டிட்டு வாங்க என்றாள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி மறுபடி காட்ட வேண்டும், நீ வந்தால் நல்லது. வா என்று கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை, குழந்தைக்காகக் கேட்கிறேன். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்த வாரம் நெட் இல்லை என்று நான் வீடியோவைத் தட்டிக்கழித்ததும் பொய்தான், இனிமேல் அவளைப் பேச விடுகிறேன். சாயங்காலம் நீ கூப்பிடும் நேரத்தில் நல்ல கண் மூடியிருக்கும். அம்மா முகம் தெரியுதா என்று மட்டும் அவளைக் கேட்காதே. நேற்று நல்ல கண்ணை ஒட்டியிருந்தபோது போனில் உன் போட்டோவை எடுத்து அவளிடம் நீட்டினேன், அதற்குள் போன் திரை அணைந்து கறுத்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. தெரியுது தாத்தா, அம்மா சிரிக்கிறாங்க என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தருமன்