இடது கையால் சுற்றிய டேப்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம், சமையலறைக் குழாயைத் தவிர இந்த வீட்டில் எல்லாமே நலமாகத்தான் இருந்தன. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ அவசரத்தில் இருப்பாய், உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் காட்டுவார், அதனால்தான் எழுதுகிறேன், கோபமாகத்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

போன வருடம் வந்தபோது எட்டு நாளில் ஏழு நாள் நண்பர்கள் வீட்டில் கழித்துவிட்டு, கிளம்புகிற அன்று காலையில் சமையலறைக் குழாயை மாற்றிக் கொடுத்தாயே, நீ விமானம் ஏறுவதற்குள் அது கசிய ஆரம்பித்துவிட்டது. குழாயின் மரை சுவருக்குள் போகிற இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக. உன்னிடம் சொன்னதற்கு, யாரையும் கூப்பிடாதீங்கப்பா, லீவுல வந்து நானே பண்றேன் என்றாய். உன் அப்பாவுக்கு அதுவே வேதவாக்காகிவிட்டது. பதினொரு மாதம். உன் லீவு மூன்று முறை தள்ளிப்போனது. அடியில் ஒரு வாளி வைத்து, நிரம்ப நிரம்ப எடுத்துக் கொட்டுவதே ஓய்வு பெற்ற மனிதருக்கு உத்தியோகமாகிவிட்டது. சுவரில் பெயிண்ட் உரிந்து, கீழ் அலமாரிக் கதவு ஊறி உப்பி மூட மறுக்கிறது. பிளம்பரைக் கூப்பிடுவோம் என்றால், அவன்தான் வர்றேன்னு சொல்லியிருக்கானே என்பார். குரங்குப்பிடி. நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு, எனக்குத்தான் மரை கழன்றுவிடும் போலிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். பயப்படாதே, எலும்புக்கு ஒன்றுமில்லை, வலது முழங்கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். அத்தோடு என் பொறுமை போய்விட்டது. உன் அப்பாவிடம் விழுந்ததைச் சொல்லாமல், மறுநாள் அவர் கண் டாக்டரிடம் போன நேரம் பார்த்து பிளம்பரை வரவழைத்தேன். சொந்த வீட்டிலேயே என்னைத் திருட்டுத்தனம் செய்ய வைத்துவிட்டீர்கள் அப்பனும் மகனும்.

பிளம்பர் குழாயைக் கழற்றிப் பார்த்ததுமே, இந்த டேப்பைச் சுத்தினவரு இடது கைக்காரராம்மா என்று கேட்டார். நீ இடது கைக்காரன் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழாயை முடுக்குற பக்கமே டேப்பையும் சுத்தணும், இவரு எதிர்ப்பக்கமா சுத்திட்டாரு, முடுக்க முடுக்க உரிஞ்சு வந்துடுச்சு என்றார். கசியாமலிருக்க நீ சுற்றிய வெள்ளை டேப் மரையை விட்டுவிட்டு வெளியே திரி போலச் சுருண்டு கிடந்தது. அவர் மரையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, முதல் புரியை மட்டும் விட்டு, புது டேப்பை இழுத்துப் பிடித்து ஆறு சுற்று சுற்றினார். கையால் முடுக்கி, கடைசியாக ஸ்பேனரில் ஒரே திருப்பு. ரொம்ப முடுக்கினா சுவத்துல இருக்கிற பிளாஸ்டிக் விரிசல் விட்டுடும், குழாய் நேரா நிக்கலையேன்னு பின்னாடி திருப்பினாலும் கசியும் என்றார். அதையும் நீ செய்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. பத்து நிமிட வேலை, அதற்குப் பதினொரு மாதம்.

உன் அப்பா திரும்பி வந்து வழக்கம்போல வாளியைத் தூக்கினார். காலியாக இருந்தது. குழாயின் அடியில் விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார், முழங்கையைக் காட்டிப் பதிலுக்குத் திட்டலாம் என்று நானும் தயாராக நின்றேன். அவன் வர்றதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதையும் முடிச்சிட்டியே என்றார். அவ்வளவுதான். நாலு நாளாக வீட்டில் பேச்சே இல்லை. இத்தனை மாதமும் பிடிவாதம் பிடிவாதம் என்று அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேனே என்று என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது, உன் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. பேத்தியை ஈரத் தரையில் ஓட விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இருங்கள். இன்னொன்று. குளியலறைக் குழாயின் மரையிலும் நேற்றிலிருந்து ஈரம் தெரிகிறது. உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், நாலு நாளில் முதல்முறையாக, அப்படியா என்று கேட்டார். இரண்டு மாதம் பொறுப்பேன். அதற்குள் நீ வராவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுவேன், இந்த முறை உன் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

உன் அம்மா