மைனஸ் ஒன்பது

ஒக்டோபர் 14, செவ்வாய். கந்தப்பளை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து எழுதுகிறேன்.

மாலைத்தீவுக்குக் கப்பலில் போகிற உறைந்த ஸ்ட்ரோபெரியை இன்று கொன்டெய்னரில் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனோம். அந்த நேரத்தில் அதைக் குளிரூட்டும் ஜெனரேட்டர் நின்றுபோயிருக்கிறது. வந்து பார்த்தால், மைனஸ் பதினெட்டு காட்ட வேண்டிய இடத்தில் மைனஸ் ஒன்பது.

மறுபடி இயக்கினார்கள். ஏற்றும்போது இருக்கிற குளிர் அளவை எழுதிக் கையெழுத்து வைப்பது என் வேலை. மெனேஜர் சேர் அந்தப் படிவத்தை நீட்டினார்.

"பதினெட்டுன்னே போடுங்க ஜெயந்தி. போற வழியில எறங்கிரும். இந்தக் கப்பல விட்டா அடுத்த வாரந்தான்."

போட்டேன். கையெழுத்தும் வைத்தேன். லொறி கொழும்புக்குப் புறப்பட்டது.

வீட்டில் மகளுக்குச் சோறு பிசையும்போது கை ஓடவில்லை. இளகி மறுபடி உறைந்த பழத்தை அங்கேயும் யாராவது பிள்ளைக்குத்தானே கொடுப்பார்கள். சேருக்குப் போன் எடுத்தேன்.

"நான் எழுதுனது பொய்ங்க சேர். கப்பல்ல ஏத்த வேணாம். ஏத்துனா நானே துறைமுகத்துக்குச் சொல்லிருவேன்."

"லொறிய திருப்பச் சொல்றேன். காலையில வாங்க, ஒங்க முன்னாலயே தொறப்போம்" என்றார்.

பழம் இளகாமல் தனித்தனியாக உதிர்ந்தால், வீணாகக் கப்பலைத் தவறவிட்டவள் நான். வேலை போய்விடும். இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால், பன்னிரண்டு பெண்கள் பத்து நாள் காம்பு கிள்ளிய பழம் முழுவதும் குப்பைக்கு.

சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். எது நடக்க வேண்டுமென்று கேட்பதென்றே தெரியவில்லை.