ராவணன் மீசையைத் தோற்கடித்த ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விசாலம்,

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, நம் குடியிருப்போர் சங்கம் கடலோர மணல்மேட்டின் புல்லை மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தீர்மானத்தை எழுதியவன், செயலாளராகிய நான். நீ போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

மேசைமேல் இரண்டு தொட்டிகள். ஒன்றில் மேட்டில் தானாக வளர்ந்திருந்த முள்நுனிப் புல், ராவணன் மீசை. மற்றதில் நர்சரியிலிருந்து வந்த புல்தரைப் புல். இரண்டையும் ஆளாளுக்குத் தடவிப் பார்த்தோம். ஆராய்ச்சி அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சசிதரன் விரலில் ரத்தம் வந்தது.

"சாரே, புல்லுன்னா மேல உக்கார வேண்டாமா? இது முள்ளம்பன்னியாக்கும்."

சங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ராவணன் மீசையின் இலை நுனியில் துணிக்கிளிப்பைத் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொண்டிருந்தவள் நீ. கல்லூரியில் தாவரவியல் நடத்தியது போதாதா என்று கேட்பேன். இலை விறைப்பாக நின்றால்தான் காற்று வேகம் குறைந்து மணலைக் கீழே போடும் என்பாய். மணல் மூடினால் மேலே வளரும், ஓடுகிற தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மேட்டைப் பிடித்துக்கொள்ளும் என்பாய். எல்லாம் எனக்குத் தெரியும். கூட்டத்தில் ஏன் வாய் திறக்கவில்லை? பெண்டாட்டி போன துக்கத்தில் பேசுகிறான் என்று பரிதாபப்படுவார்களோ என்றா?

புதிய புல் படுத்தே கிடந்தது. காற்று அதன்மேல் தங்குதடையின்றிப் போயிற்று. கோடை முடிவதற்குள் உப்பில் கருகியது. ஆள் உயர மேடு இடுப்பளவுக்கு இறங்கி, மிச்ச மணல் வீடுகளுக்குள் வந்தது. சசிதரன் உட்படப் பாதிப் பேர் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டை விலைக்குக் கேட்டு வந்தவர் செருப்பில் ஏறிய மணலை உதறிவிட்டுத் திரும்பிவிட்டார். நம் பெண் மீரா, கழக்கூட்டம் ஊரிலிருக்கும் தன் பிளாட்டுக்கு வரச் சொல்கிறாள். நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டைக் கடலுக்கு விட்டுவிட்டு எப்படிப் போவது?

இருக்கவும் வழியில்லை. மேட்டில் முள்ளுள்ள எதையும் வளர்க்கக் கூடாது என்ற விதியையும் அன்று நானே சேர்த்திருந்தேன். அதை நீக்க, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் நேரில் வர வேண்டும். மூன்று முறை கூட்டம் போட்டேன். காலி நாற்காலிகளே பெரும்பான்மை.

"அப்பா, சங்கம் கூடற வரைக்கும் கடல் காத்துண்டு இருக்குமா?" என்றாள் மீரா.

மழை சற்று விட்டதும், தெற்கே மிச்சமிருக்கும் மேட்டிலிருந்து ராவணன் மீசைத் தண்டுகளைக் கணுவோடு வெட்டிவந்து நடப்போகிறேன். யார் அனுமதியும் கேட்கமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நேற்று மத்தியானம் அலை மேட்டைத் தாண்டி முற்றம்வரை வந்தது. இன்று காலை கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

உன் கணவன்,
ராமசேஷன்