குடைவைச் சுற்றி வந்தோம், அத்தான்

என்றும் என் மதிப்புக்குரிய அன்பு அத்தான்,

உங்கள் ஆண்டுத் திதி சென்ற வாரம் நிறைவேறியது. அக்கா ஓரளவு தேறியிருக்கிறார். இறக்குமதிக் கட்டுப்பாடு இன்னும் தளரவில்லை. முக்குளிக்கும்போது மூச்சுவிடப் புதிய வாய்க்குழாய் கிடைக்காதபடியால் உங்களுடையதையே ரபீக் பாவிக்கிறார். கிண்ணியாவிலிருந்து வள்ளத்தைக் கொண்டுவருபவரும் இன்றும் அவர்தான். நம்மோடு ஒரு புதியவர் சேர்ந்திருக்கிறார்: ஸ்ரனிஸ்லாஸ், வங்கி எழுதுவினைஞர். நன்றாக முக்குளிப்பார், பாறைக்குள் மட்டும் இதுவரை நுழைந்ததில்லை.

உப்புவெளிக்கு அப்பால், கடலடிப் பாறையில் நீங்கள் விரும்பிய அந்தக் குடைவைப் பற்றியே எழுத வந்தேன். ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறலாம். ஆனால் நடுவில் ஒருவருக்கு மூச்சுத் தடுமாறினால் மேலெழ வழியில்லை. பின்னால் வருபவரைத் தாண்டித் திரும்பவும் இயலாது. அதற்காகவே நீங்கள் ஓர் ஒழுங்கை வகுத்தீர்கள். வள்ளத்தில் ஒருமுறை, குடைவின் வாயிலில் மறுமுறை, ஒவ்வொருவரும் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். புதியவர் முதலில், மூத்தவர் கடைசியில். ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினாலும் எல்லோரும் பாறையைச் சுற்றியே போக வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

“எங்கடை ஆக்கள் பெரியவையின்ரை முகத்துக்கு நேரை மாட்டன் எண்டு சொல்லமாட்டினம். அதாலை பெரியவன்தான் முதல்லை வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும்” என்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறைக்கு மேலே நங்கூரம் போட்டோம். சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்த ரபீக் திடீரென்று கண்கலங்கினார். “அண்ணன் இல்லாம ஒரு வருசம் போயிட்டு. அவருக்காக ஒருக்கா உள்ளுக்குப் போய் வருவம்” என்றார்.

நான் முறைப்படி ஸ்ரனிஸ்லாசை முதலில் கேட்டேன். “ஓம், அவருக்காக எண்டால் வாறன்” என்றார். ரபீக்கும் ஓம் என்றார். இறுதியாக நானும் ஓம் என்றேன். விதி எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டதாகவே எண்ணினேன்.

குடைவின் வாயிலில் நீர் பாலாகக் கலங்கியிருந்தது. மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது, ஆனால் மங்கலாக. ஸ்ரனிஸ்லாஸ் விரல்களை வளையமாக்கிச் சம்மதம் காட்டினார். அவருடைய மூச்சுக் குமிழிகளோ இடைவெளியே இல்லாமல் மேலே ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் குடைவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தன.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வள்ளத்தில் முதலில் பேசியவர் ஸ்ரனிஸ்லாஸ் அல்லர், ரபீக்கும் அல்லர். நீங்கள், அத்தான். எல்லோரிலும் மூத்தவர், மறுத்துப் பேச முடியாத இடத்திலிருந்து, எல்லோருக்கும் முன்பாகப் பேசிவிட்டீர்கள். அதற்குப் பின் எவர்தான் மாட்டேன் என்பார்?

நான் உள்ளங்கையை விரித்தேன். பாறையைச் சுற்றி வந்தோம்.

வள்ளத்தில் ஏறியதும் ரபீக் என் நில அளவைத் தொழிலைச் சொல்லிச் சீண்டினார். “என்ன மச்சான், சர்வேயர் கண்ணாலயே அளந்திட்டீரோ? ஒம்மட தொந்தி கொள்ளாதெண்டு கண்டீரோ?”

“காரணம் கேக்கக் கூடாது எண்டது விதி.”

“விதியோட தலையணை போட்டுப் படுக்கிற மனுசன்!” என்று சிரித்தார்.

ஸ்ரனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. “ரபீக் நானா, அண்ணை கை காட்டினது எனக்காக. வாயிலிலையே எனக்கு மூச்சு முட்டிப்போச்சு.”

“அப்ப ஏன் தம்பி ஓம் எண்டனீ?”

“நீங்கள் அழுதுகொண்டெல்லோ கேட்டனீங்கள்.”

ரபீக் நங்கூரக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு ஸ்ரனிஸ்லாசின் தோளில் கை வைத்து, “மன்னிச்சிரு” என்றார்.

மாலையில் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். “அவரிலை உங்களுக்கு அவ்வளவு பாசமெண்டால், அவரின்ரை பேரிலை ஒருத்தரையும் சாகக் குடுக்காதேங்கோ” என்றார். உள்ளே போகாததில் உங்களுக்கு வருத்தமா, அத்தான்? அதை அறிய எனக்கு வழியில்லை. நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்பே அந்தக் குமிழிகளைக் கண்டிருப்பீர்களோ?

உங்கள் ஒழுங்கோடு ஒன்றைச் சேர்க்க உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். முக்குளிக்கும் முன், எல்லோரும் தம் முடிவைச் சொல்லித் தீரும்வரை, எங்கள் வள்ளத்தில் உங்கள் பெயர் எடுக்கப்படாது. மேலே வந்த பிறகு, கரை சேரும்வரை உங்கள் கதைதான். இது என் வாக்கு.

நீங்கள் இல்லாத வள்ளத்தில் கடைசியாகப் பேசும்
உங்கள் மைத்துனன்